பெட்ரிஃபிலிம் தட்டு: எதை எண்ணும், எதை எண்ணாது

உணவில் நுண்ணுயிர் எண்ணிக்கை பார்க்கும் சிறிய ஆய்வகங்களில் பாதி நாள் அகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) காய்ச்சுவதிலேயே போய்விடும். ஊடகப் பொடியை எடைபோட்டுக் கரைக்க வேண்டும், ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைக்க வேண்டும், 45 டிகிரிக்கு ஆறவிட்டுத் தட்டில் ஊற்ற வேண்டும், பிறகு அது உறையும்வரை காத்திருக்க வேண்டும். உலர்ந்த ஊடகம் பூசித் தயாராகவே வரும் பெட்ரிஃபிலிம் தட்டு இந்த வேலை முழுவதையும் எடுத்துவிடுகிறது. 1984இல் 3எம் நிறுவனம் கொண்டுவந்த தயாரிப்பு இது. 2022இல் அதன் உணவுப் பாதுகாப்புப் பிரிவு நியோஜென் நிறுவனத்துடன் இணைந்தபின் நியோஜென் பெயரில் வருகிறது.

வாங்கலாமா? கோலிஃபார்ம் (சுகாதாரக் குறையைக் காட்டும் பாக்டீரியாத் தொகுதி) பார்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். மொத்த பாக்டீரியா எண்ணிக்கைக்கும் நல்ல கருவி. ஈஸ்ட், பூஞ்சைத் தட்டு நீங்கள் சோதிக்கும் பொருளைப் பொறுத்தது. புளிக்கவைத்த உணவையும் உயிர் உரத்தையும் பொதுத் தட்டில் போட்டு, வந்த எண்ணை அப்படியே எழுதிக்கொள்வதுதான் பெரிய தவறு. அதைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

தட்டு என்று சொன்னாலும் கையில் வருவது தபால் அட்டை போன்ற ஒரு தாள்தான். அடிப்படலத்தில் உலர்ந்த ஊடகமும் ஒரு சென்டிமீட்டர் கட்டங்களும் இருக்கும். மேலே ஒளி ஊடுருவும் படலம், அதன் உட்பக்கத்தில் குளிர்ந்த நீரிலேயே கரையும் கூழ்மப்பொருள். 1 மி.லி. மாதிரியை விட்டதும் ஊடகம் நனைந்து கூழாகிவிடும். சூடான அகார் எங்குமே இல்லை என்பதில் எளிமையைத் தாண்டிய ஒரு நன்மை உண்டு. குளிர்பதனத்தில் வளரும் பாக்டீரியாக்களும், பதப்படுத்தலில் ஏற்கெனவே அடிபட்ட செல்களும் 45 டிகிரி அகாரில் மேலும் காயம்பட்டு வளராமல் போவதுண்டு. அந்த இழப்பு இதில் கிடையாது.

மொத்த எண்ணிக்கைத் தட்டில் டெட்ராசோலியம் சாயம் கலந்திருக்கிறது. உயிருள்ள செல் மூச்சுவிடும்போது இந்தச் சாயம் ஒடுக்கமடைந்து சிவப்பாகும், அதனால் காலனிகள் (செல்கள் பெருகி உண்டாகும் கூட்டங்கள்) சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். உணவுத் துணுக்கு எது, காலனி எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் சிரமம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. சிவப்பில் அடர்வும் வெளிர்வும் அளவு வேறுபாடும் இருக்கத்தான் செய்யும், எல்லாவற்றையும் எண்ண வேண்டும்.

செய்முறை எளிது, ஆனால் சறுக்கும் இடங்கள் அதில்தான் இருக்கின்றன. 10 கிராம் மாதிரியை 90 மி.லி. நீர்த்தல் கரைசலில் போட்டு 1 முதல் 2 நிமிடம் நன்றாகக் கலக்கினால் பத்தில் ஒரு பங்கு நீர்த்தல் கிடைக்கும். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து 9 மி.லி.யில் விட்டால் நூறில் ஒன்று, அடுத்தது ஆயிரத்தில் ஒன்று. தட்டைச் சமதளத்தில் வைத்து, மேல்படலத்தைத் தூக்கி, பிப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்து, 1 மி.லி.யை நடுவில் விடுங்கள். படலத்தை மூடி, பரப்பியை (திரவத்தைப் பரப்பும் பிளாஸ்டிக் அச்சை) நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். இழுக்கவோ திருகவோ வேண்டாம். பரப்பியை எடுத்துவிட்டு, கூழ் இறுகும்வரை குறைந்தது ஒரு நிமிடம் தட்டைத் தொடாமல் விடுங்கள். எந்த வகைத் தட்டுக்கு எந்தப் பரப்பி, அதன் எந்தப் பக்கம் கீழே வர வேண்டும் என்பது பொட்டலத்துடன் வரும் குறிப்பில் இருக்கிறது. மாற்றி வைத்தால் திரவம் வட்டத்தைத் தாண்டி வழியும், அல்லது ஒரு பக்கமாகத் தேங்கும். கோலிஃபார்ம் தட்டில் மேல்படலத்தைச் சுருளை விரிப்பதுபோல ஓர் ஓரத்திலிருந்து உருட்டி இறக்குவது முக்கியம். பொத்தென்று விட்டால் காற்றுக் குமிழி சிக்கும், பிறகு அதை வாயு என்று எண்ணிவிடுவீர்கள்.

அகார் தட்டுக்குப் பழகிய கை, இன்குபேட்டரில் வைக்கும்போது இதையும் கவிழ்த்துவிடும். பெட்ரிஃபிலிமை ஒளி ஊடுருவும் பக்கம் மேலே இருக்கும்படியே வைக்க வேண்டும். 20 தட்டுகளுக்கு மேல் அடுக்க வேண்டாம், உயரமான அடுக்கில் நடுத் தட்டுகள் சூடேறத் தாமதமாகும். மொத்த எண்ணிக்கைக்கு நீங்கள் பின்பற்றும் முறையைப் பொறுத்து 35 டிகிரியில் 48 மணி நேரம் அல்லது 30 டிகிரியில் 72 மணி நேரம். இரண்டும் ஒரே எண்ணைத் தராது. அதனால் அறிக்கையில் வெப்பநிலையையும் நேரத்தையும் எழுதாத எண்ணுக்கு மதிப்பே இல்லை.

எண்ணுவதற்கு ஏற்ற வரம்பு மொத்த எண்ணிக்கைத் தட்டில் 25 முதல் 250 வரை, கோலிஃபார்ம் தட்டில் 15 முதல் 150 வரை. ஆயிரத்தில் ஒரு பங்கு நீர்த்தலில் 86 காலனி வந்தால் கிராமுக்கு 86,000. 250ஐத் தாண்டினால் சில கட்டங்களை எண்ணிச் சராசரி எடுத்து 20ஆல் பெருக்கலாம், வளர்ச்சிப் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர் என்பதால். ஆனால் அது மதிப்பீடுதான், அப்படியே குறிக்க வேண்டும். மிக அதிகச் சுமை இருந்தால் தனிக் காலனியே தெரியாமல் வட்டம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும், சில சமயம் ஓரம் மட்டும் நிறம் கொள்ளும். அவசரத்தில் பார்ப்பவர் அதைச் சுத்தமான மாதிரி என்று எழுதிவிடக்கூடும். சந்தேகம் வந்தால் அடுத்த நீர்த்தல் தட்டைப் பாருங்கள். அங்கே நூறு காலனி நின்றால் விடை தெரிந்துவிடும். இதனால்தான் ஒரே நீர்த்தலில் ஒரே தட்டு போட்டு மிச்சம் பிடிப்பது வீண் என்கிறோம்.

பேசிலஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் கூழையே கரைத்துவிடும். சிவப்பு மை கசிந்ததுபோலப் பரவி அருகிலுள்ள காலனிகளை மறைக்கும். கரையாத பகுதியில் எண்ணி மதிப்பிடுவதைத் தவிர வழியில்லை. இது இந்தத் தயாரிப்பின் உண்மையான பலவீனம். மண்ணோடு ஒட்டிவரும் காய்கறிகளிலும் கிழங்குகளிலும் அடிக்கடி எதிர்ப்படும்.

எங்கள் பார்வையில் இந்த வரிசையில் மிகச் சிறந்தது ஈ. கோலை, கோலிஃபார்ம் தட்டு. பித்த உப்பு கலந்த ஊடகம் மற்ற பாக்டீரியாக்களில் பலவற்றைத் தடுக்கும். கோலிஃபார்ம்கள் லாக்டோஸைப் புளிக்கவைத்து வாயு விடும், அந்த வாயு மேல்படலத்தின் அடியில் காலனியை ஒட்டியே சிக்கிக்கொள்ளும். வாயுவோடு கூடிய சிவப்புக் காலனி கோலிஃபார்ம். கோலிஃபார்ம்களில் ஒன்றான ஈ. கோலையிடம் குளுக்குரோனிடேஸ் என்ற நொதி இருப்பதால் அது நீலமாகும். குழாய்களில் செய்யும் உறுதிப்படுத்தல் சோதனை நாட்கணக்கில் தரும் விடையை இந்தத் தட்டு கோலிஃபார்முக்கு 24 மணி நேரத்திலும் ஈ. கோலைக்கு 48 மணி நேரத்திலும் தந்துவிடுகிறது. வட்டத்தைச் சுற்றியுள்ள நுரைப்பொருள் வளையத்தின் மேல் வளர்ந்தவற்றை எண்ணாதீர்கள், அங்கே ஊடகத்தின் தடுக்கும் ஆற்றல் எட்டாது.

ஒரு எச்சரிக்கை. கடும் குடல்நோய் தரும் ஈ. கோலை ஓ157:எச்7 வகையிடம் இந்த நொதி வேலை செய்யாது, 44 டிகிரிக்கு மேல் அது சரியாக வளரவும் செய்யாது. இந்தத் தட்டில் அது நீலமாக வராது. நீலக் காலனி இல்லை என்பதை வைத்து அந்த வகை இல்லை என்று எழுதிக் கொடுப்பது ஆபத்து. சால்மோனெல்லாவும் அப்படியே. 25 கிராமில் ஒரு செல் இருந்தாலும் தெரிய வேண்டும் என்ற தேவைக்கு முன்வளர்ப்புடன் கூடிய தனிச் சோதனை வேண்டும். பத்தில் ஒரு பங்கு நீர்த்தலில் 1 மி.லி. என்றால் தட்டு பார்ப்பது 0.1 கிராம் உணவை மட்டுமே.

ஈஸ்ட், பூஞ்சைத் தட்டில் பாக்டீரியாவைத் தடுக்க எதிர்உயிரிகளும், காலனிக்கு நிறம் தர பாஸ்படேஸ் நொதிக்கு நீலமாகும் ஒரு பொருளும் இருக்கின்றன. வழக்கமான வகைக்கு 20 முதல் 25 டிகிரியில் 3 முதல் 5 நாள். ஈஸ்ட் சிறியதாக, தெளிந்த ஓரத்துடன் நீலப்பச்சையாகவோ வெளிர் நிறமாகவோ வரும். பூஞ்சை பெரிதாக, ஓரம் கலைந்து, நடுவில் அடர்ந்து பல நிறங்களில் வரும். சிக்கல் என்னவென்றால், உயிருள்ள எல்லாச் செல்லிலும் பாஸ்படேஸ் உண்டு. பழம், காய்கறி மாதிரிகளில் உணவின் சொந்த நொதியே தட்டு முழுவதையும் நீலமாக்கிவிடும். அரைத்த மசாலாப் பொருளில் ஊசிமுனை போன்ற அடர்நீலப் புள்ளிகள் வரும். மேலும் நீர்த்துப் போடுங்கள், துணுக்குகள் அடியில் தங்கியபின் மேல்நீரை எடுங்கள். 24 முதல் 48 மணி நேரத்திலேயே ஒருமுறை பார்த்துக் குறித்துவையுங்கள். அப்போதே நிறம் இருந்து, கடைசி நாள்வரை மாறாமல் நின்றால் அது உணவின் நொதி. வளர்வதுதான் காலனி. இந்த இடைப் பார்வையைத் தவிர்ப்பவர்கள் இந்தத் தட்டை வாங்காமலிருப்பதே நல்லது.

புளிக்கவைத்த உணவுக்கு வருவோம். பாலைத் தயிராக்கும், காய்கறியை ஊறவைத்துப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் நமக்கு வேண்டியவை. அவை ஊட்டம் அதிகம் கேட்பவை, ஆக்சிஜன் குறைந்த சூழலை விரும்புபவை. மொத்த எண்ணிக்கைத் தட்டில் அவற்றில் ஒரு பகுதி மிகச் சிறு புள்ளியாக வரும், ஒரு பகுதி வரவே வராது. எனவே அந்த எண் நல்ல பாக்டீரியாவின் அளவும் இல்லை, கெட்டுப்போனதன் அளவும் இல்லை. இதற்கென்றே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும் லாக்டிக் அமில பாக்டீரியாத் தட்டு தனியாக இருக்கிறது. காற்றில்லா ஜாடி தேவையில்லை. 28 முதல் 37 டிகிரிக்குள் 48 மணி நேரம் போதும். வாயு விடும் வகை எது, விடாத வகை எது என்பதும் தெரிந்துவிடும், பொதி உப்பிக்கொள்ளும் குறையைத் துப்பறிய இது பெரிய உதவி.

அமில உணவில் மறக்கும் இன்னொன்று பிஎச். தட்டில் விடும் கரைசல் 6.6 முதல் 7.2க்குள் இருக்க வேண்டும். தயிரின் பத்தில் ஒரு பங்கு நீர்த்தல் அதற்குக் கீழே நிற்கும், 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யாத தட்டில் கோலிஃபார்ம் பூஜ்யம் என்று வந்தால் அது அமிலம் தந்த பூஜ்யமாக இருக்கலாம். நீர்த்தல் கரைசலிலும் கவனம் தேவை. பெப்டோன் நீர் 0.1 சதவீதம், பாஸ்பேட் தாங்கல் கரைசல், 0.85 சதவீத உப்பு நீர் எல்லாம் சரி. சிட்ரேட், பைசல்பைட், தயோசல்பேட் கலந்தவை வேண்டாம், அவை வளர்ச்சியைத் தடுக்கும். பட்டை, கிராம்பு போன்றவற்றில் இயல்பாகவே நுண்ணுயிர்த் தடுப்பு உண்டு. பத்தில் ஒரு பங்கு நீர்த்தலில் ஒன்றும் வராமல் அடுத்ததில் காலனிகள் வந்தால் காரணம் அதுதான்.

வேளாண்மைப் பக்கம் நிலைமை வேறு. பாசன நீரிலும் காய்கறி கழுவும் நீரிலும் ஈ. கோலை பார்க்க ஈ. கோலை, கோலிஃபார்ம் தட்டு பொருந்தும். உயிர் உரத்தின் தரம் பார்க்க மொத்த எண்ணிக்கைத் தட்டை எடுக்காதீர்கள். பயறு வேர்களில் தழைச்சத்தை நிலைப்படுத்தும் ரைசோபியம் பாக்டீரியாவில் வேகமாக வளரும் வகைக்கே மூன்று நாள் வரை ஆகும், சோயாவுக்குப் போடும் பிராடிரைசோபியம் கண்ணுக்குத் தெரிய 5 முதல் 7 நாள். 48 மணி நேரத்தில் சிவப்பாக நிற்பவை பெரும்பாலும் உரத்தைச் சுமக்கும் பொடியில் கலந்துவிட்ட வேண்டாத பாக்டீரியாக்கள். உரம் மோசமாக இருக்க இருக்க எண் உயரும்! காங்கோ சிவப்பு கலந்த ஈஸ்ட் சாறு மானிட்டால் அகார்தான் இதற்குச் சரி. அதில் ரைசோபியம் சாயத்தை அவ்வளவாக ஏற்காமல் வெளிர்ந்து நிற்கும், கலப்படம் சிவக்கும். டிரைக்கோடெர்மா என்ற உயிர் உரப் பூஞ்சையும் அப்படித்தான், அதன் வேகத்துக்கு இரண்டு மூன்று காலனிகளே வட்டத்தை மூடிவிடும். பரவலைக் கட்டுப்படுத்தும் ரோஸ் பெங்கால் அகார் போடுங்கள்.

தட்டு செல்லைத்தான் எண்ணும், நஞ்சை எண்ணாது. தானியத்தில் பூஞ்சை செத்துப்போன பின்னும் அது விட்ட அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா விட்ட நஞ்சு கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாது, அதை உண்டாக்கிய செல்கள் மட்டும் செத்துவிடும். நன்றாகச் சூடாக்கிய உணவில் சுத்தமான தட்டு வந்தால், சூடாக்கும் முன் அது எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று கேட்க வேண்டும்.

சேமிப்பில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். திறக்காத பொட்டலம் 8 டிகிரிக்குக் கீழ் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், எடுத்ததும் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். திறந்த பொட்டலத்தைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. ஈரம் படிந்து ஊடகம் கெடும். வாயை மடித்து நாடா ஒட்டி, 25 டிகிரிக்குள், ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் வைத்து 4 வாரத்தில் முடித்துவிடுங்கள். ஈரமான காற்றுள்ள அறையில் இந்த நிபந்தனையைக் காப்பது கடினம். மாதத்துக்குச் சில மாதிரிகளே வரும் இடம் என்றால் சிறிய பொட்டலமாக வாங்குவதுதான் கட்டுப்படியாகும். பழுப்பேறிய அல்லது நிறம் மாறிய தட்டைப் பயன்படுத்த வேண்டாம்.

சந்தேகக் காலனியை மேலும் ஆராய விரும்பினால் மேல்படலத்தைத் தூக்கிக் கூழிலிருந்தே கம்பியால் எடுத்து வேறு அகாரில் கீறலாம். எண்ணி முடித்த தட்டில் உயிருள்ள பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கும், கோலிஃபார்ம் தட்டானால் நோய்க்கிருமியும் இருக்கலாம். தாள் போல இருக்கிறதே என்று குப்பைக்கூடையில் போடாமல் ஆட்டோகிளேவில் 121 டிகிரி கொடுத்தபிறகே அப்புறப்படுத்த வேண்டும். அகார் காய்ச்சும் வேலை போனாலும் ஆட்டோகிளேவை விற்றுவிட முடியாது.