தூண் இறக்கும் முன்: சோனாரா, முக்குளிப்பவரா?

ரங்கூனில் பான்சோடான் துறையில் படகேறி டலாவுக்குப் போய்வரும் நம் ஆட்களுக்கு அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியும். பால் விட்ட தேநீர் நிறம், மணிக்கட்டு வரை கையை விட்டாலே விரல் தெரியாது. இப்படிப்பட்ட ஆற்றில் பாலத் தூண் இறக்கும் முன் அடியில் பழைய கப்பல் கிப்பல் கிடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முக்குளிப்பவரை இறக்கினால் தொட்டுப் பார்த்து இது மரம், இது வெண்கலம் என்று சொல்லிவிடுவார், அது பெரிய விஷயம். ஆனால் இங்கே அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவுவது போலத்தான், அதுவும் ஏற்றவற்றத்துக்கு நடுவே ஓட்டம் தணிகிற கொஞ்ச நேரம் மட்டும். 1608இல் டி பிரிட்டோ என்ற போர்த்துகீசியர் ஷ்வேடகோன் பகோடாவிலிருந்து எடுத்துப்போனபோது பகோ ஆறு வந்து சேரும் இடத்தில் மூழ்கியதாகச் சொல்லப்படும் தம்மசேதி மணி என்ற பெரிய வெண்கல மணியைத் தேடி எத்தனையோ பேர் இறங்கிவிட்டார்கள், மணி வரவில்லை.

சோனாருக்குக் கலங்கல் ஒரு பொருட்டே இல்லை. படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் ஒலியை அனுப்பி அடித்தரையைப் படமாகக் காட்டும். சரி, ஆனால் பக்கவாட்டு சோனார் மேல்பரப்பைத்தான் காட்டும், சேற்றுக்குள் புதைந்ததைப் பார்க்க மண்ணுக்குள் ஊடுருவும் தாழ் அதிர்வெண் கருவி வேண்டும். காந்தமானியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், அது இரும்பு நங்கூரத்தைப் பிடிக்கும், வெண்கல மணியைப் பிடிக்காது.

இந்த ஆற்றுக்கு நான் சோனார் பக்கம். அது சந்தேகப்படும் இடத்தில் மட்டும் ஆளை இறக்குங்கள், தூணுக்குத் துளை போட்ட பிறகு அல்ல, அதற்கு முன்பே.