பனியன் கம்பெனிச் சம்பளமும் முந்நூறு பக்க நாவலும்: எந்த வழி யாருக்குத் தோது?

"ஏனுங்ணா, பேசாம வேலைய விட்டுட்டு ஒரு வருசம் உக்காந்து எழுதிப்புடலாமுங்களா?"

டீக்கடையில் இதைக் கேட்ட தம்பிக்கு இருபத்தேழு வயசு. பக்கத்து கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். கட்டுக் கட்டாக நோட்டில் ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறான், முந்நூறு பக்கம். நான் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் பத்தொன்பது வருசமாக மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுக்கிறவன். இரண்டு நாவல் வந்திருக்கிறது, மூன்றாவது பதினேழாம் அத்தியாயத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த அனுபவத்தை நம்பித்தான் கேட்டான். அன்றைக்கு ஒரு கலர் அப்ரூவல் வராமல் சாயப்பட்டறைக்கு ஓட வேண்டியிருந்தது. "அப்புறம் பேசலாம் தம்பி" என்று கிளம்பிவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

விடுவதா, விடாமல் இருப்பதா என்பதை முதலில் பார்த்துவிடலாம். வேலையை விட்டு எழுதியவர் என்றதும் பலருக்கும் நினைவு வருவது அசோகமித்திரன். ஜெமினி ஸ்டுடியோவில் இருந்துவிட்டு 1966இல் வெளியே வந்தார். அதற்குப் பிறகு எழுத்துதான். அவர் வந்தது தமிழுக்கு லாபம், சந்தேகமே இல்லை. ஆனால் அவரும் வீட்டில் உட்கார்ந்து நாவல் மட்டும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. கணையாழி இலக்கிய இதழின் ஆசிரியர் பொறுப்பைப் பல வருசம் சுமந்தார், ஆங்கிலத்திலும் எழுதினார். வேலையை விட்டவருக்கும் வேலை தீரவில்லை.

மறுபக்கம் ஆட்கள் அதிகம். நாஞ்சில் நாடன் பம்பாய்க் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராய் அலைந்தார். 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வந்தது. பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் எஞ்சினியர். லா.ச.ரா. வங்கி, தி. ஜானகிராமன் பள்ளிக்கூடம், பிறகு வானொலி. சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே வாரப் பத்திரிகைத் தொடர்களை எழுதித் தள்ளினார். தமிழ் நாவல் வரலாற்றைப் பாதிக்குமேல் சம்பளப் பட்டுவாடாப் பதிவேட்டிலிருந்தே எழுதிவிடலாம்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். நாவலின் விலை 400 ரூபாய், ராயல்டி வழக்கமான 10 சதவீதம். ஒரு பிரதிக்கு 40 ரூபாய். 300 பிரதி விற்றால் 12,000. இரண்டு வருச உழைப்புக்கு இது என் வீட்டு வாடகையில் ஒன்றரை மாதம். 3,000 பிரதி விற்றால் 1,20,000. அப்படி விற்றால் ஊரே பேசும், ஆனாலும் ஒரு வருசக் குடும்பச் செலவுக்குக் காணாது. ஆகவே வேலையை விடுவதால் கிடைக்கக்கூடிய ஒரே பொருள் நேரம். அதையும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டேன். ஒரு கம்பெனி மூடி அடுத்த கம்பெனி கிடைப்பதற்குள் மூன்று மாதம் சும்மா இருந்தேன். காலை ஒன்பதுக்கு மேசையில் உட்கார்வேன், பதினொன்றுக்கு பேங்க் பேலன்ஸ் பார்ப்பேன். மூன்று மாதத்தில் எழுதியது 41 பக்கம். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில், தினமும் கம்பெனிக்குப் போய்க்கொண்டு, 60க்கு மேல் எழுதியிருந்தேன். எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை, கடனும் இல்லை. ஆனால் தங்கச்சி கல்யாணம் இருக்கிறது என்று அவனே சொன்னான்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். சில நாவல்களுக்கு உண்மையிலேயே நீளமான காலம் வேண்டும். பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல், 2012இல் வந்தது, 2014இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. வரலாற்றுக்குள் அப்படி இறங்கித் தேடும் வேலையை அவர் முடித்தது ஓய்வுபெற்ற பிறகுதான். உங்கள் கையில் இருப்பது அந்த மாதிரி நாவல் என்றால் கணக்கு வேறு. தம்பியுடையது பேக்கிங் செக்‌ஷனில் நடக்கும் ஒரு காதல் கதை.

காலை நாலரை, ராத்திரி பத்தரை

எழுத நல்லது காலையா ராத்திரியா? எழுதும் ஆட்கள் சேர்ந்தாலே இந்தப் பட்டிமன்றம் நடக்கும். நான் இரண்டிலும் பல வருசம் இருந்தவன்.

எங்கள் தொழிலில் ராத்திரி நமக்குச் சொந்தமில்லை, அது பையருக்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரனுக்குச் சொந்தம். ஜெர்மனிக்காரன் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் கடைசி மெயிலைத் தட்டிவிடுவான். நமக்கு அப்போது மணி ஒன்பதரை. "நேவி ப்ளூ ஒரு ஷேடு கூடுதல், மறுபடி லேப் டிப் அனுப்பவும்." லேப் டிப் என்றால் சாயம் போட்ட மாதிரித் துணி. அதைப் படித்துவிட்டுப் பத்தரைக்கு நாவலைத் திறந்தால் என்ன வரும்? என் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியில் ஒரு கிழவி தன் மருமகளிடம், "நாளை மாலைக்குள் இதை உறுதி செய்து தெரிவிக்கவும்" என்கிறாள். சத்தியமாக எழுதியிருந்தேன். நாலு மாதம் கழித்துப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. பகல் முழுக்க நாம் எந்த மொழியில் புழங்குகிறோமோ அது ராத்திரி பேனாவில் இறங்கிவிடுகிறது.

காலை நாலரைக்கு அந்த மொழி இன்னும் விழித்திருக்காது. பால்காரர் வருவது ஐந்தே முக்காலுக்கு. அதுவரை தெருவில் ஒரே ஒரு விசைத்தறிச் சத்தம், அதுவும் தாளமாகத்தான் இருக்கும். ஒன்றேகால் மணி நேரம். ஒரு பக்கம், சில நாள் ஒன்றரை. விலை என்னவென்றால் ஒன்பதரைக்கே தூங்கிவிட வேண்டும். கல்யாண ரிசப்ஷன், கிரிக்கெட், பிள்ளைகளோடு பேச்சு, எல்லாவற்றிலும் கை வைக்கும். என் மனைவிக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு, அது நியாயம்தான்.

என் முடிவு: புதிதாக எழுதுவது காலையில், எழுதியதை வெட்டுவது ராத்திரியில். களைத்த மனசுக்கு இரக்கம் குறைவு, வெட்டுவதற்கு அது உபயோகம்.

ஆனால் தம்பிக்கு இது செல்லாது. அவன் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை, ஷிப்மெண்ட் நேரத்தில் இன்னும் மேலே. காலை நாலரைக்கு எழு என்று அவனிடம் சொல்வது அக்கிரமம். அவனுக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிச்சமாகும் இருபது நிமிஷமும். அந்த இருபது நிமிஷத்தில்தான் முந்நூறு பக்கத்தையும் எழுதினான் என்று தெரிந்தபோது, காலையா ராத்திரியா என்ற என் ஆராய்ச்சி கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அச்சேற்றும் வழிகள்

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். எந்த வழியில் பணம் அதிகம் என்று பார்க்கிறார்கள். வேலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது, எந்த வழி எத்தனை மணி நேரம் தின்னும் என்று.

பதிப்பகம் நம் நேரத்தைக் கேட்காது, பொறுமையைக் கேட்கும். தமிழில் இலக்கிய ஏஜெண்ட் வழக்கம் இல்லை, நாமேதான் யூனிகோடில் டைப் செய்து மெயில் அனுப்ப வேண்டும். பதில் மூன்று மாதத்திலும் வரும், வராமலும் போகும். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியை மனதில் வைத்தே பெரும்பாலான அட்டவணை ஓடுவதால், நவம்பரில் அனுப்பி "இந்தக் காட்சிக்கே வருமா" என்று கேட்பது செப்டம்பர் கடைசியில் தீபாவளி போனஸ் வேலைக்கு ஆள் தேடுவது மாதிரி. மார்ச், ஏப்ரலில் அனுப்புங்கள். மாதச் சம்பளம் வருகிறவனால் காத்திருக்க முடியும். வேலையை விடாமல் இருப்பதன் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

பதிப்பகத்தில் கிடைக்கும் இன்னொன்று எடிட்டர். எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன் மாதிரி வரிவரியாக உட்கார்ந்தவர்கள் அபூர்வம். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தபோது 'கோவேறு கழுதைகள்' 1994இல் அங்கிருந்துதான் வந்தது. உங்கள் பிரதியை ஒருவர் முழுசாகப் படித்து "இந்த அறுபது பக்கம் வேண்டாம்" என்று சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும், ராயல்டி குறைவென்றாலும், அங்கே போங்கள்.

காசு கொடுத்துப் போடுவது அடுத்தது. இதில் நான் சூடுபட்டவன், அதனால் நடுநிலையாகப் பேச முடியாது. இரண்டாவது நாவலுக்கு ஒரு பதிப்பகம் 45,000 கேட்டது. பி.எஃப். அட்வான்ஸ் எடுத்துக் கொடுத்தேன். 300 பிரதி. பிழை திருத்தியது நான், அட்டைப் படம் என் மைத்துனன், விற்றதும் நான்தான், 70 சொச்சம். மிச்சம் கட்டிலுக்கடியில் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியில் இருக்கிறது, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு. இன்றைக்கு 50, 100 பிரதிகூட அச்சடித்துத் தருகிறார்கள். முந்நூறுக்குப் பணம் கட்ட எந்தக் கட்டாயமும் இல்லை. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குத் தனியாகச் சில ஆயிரம் என்று யாராவது பில் போட்டால் எதற்கென்று கேளுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது.

அமேசானின் மின்னூல் வழியான கிண்டில் செலவில்லாதது. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனையில் 70 வேண்டுமென்றால் மின்னூலை வேறெங்கும் தராமல் அவர்களுக்கே விட வேண்டும். 'கிண்டில் அன்லிமிடெட்' என்று சந்தா கட்டிப் படிப்பவர்கள் படித்தால் பக்கக் கணக்கில் காசு. அச்சுப் புத்தகத்தின் 10 சதவீதத்தோடு வைத்துப் பார்த்தால் வாயில் நீர் ஊறும். ஆனால் புத்தகத்தை ஏற்றிவிட்டால் மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள். வாட்ஸப் குழு, முகநூல், "அண்ணா ஒரு ரிவ்யூ போடுங்க" என்று தினமும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? அடுத்த நாவலிலிருந்துதான்.

தொடராகப் போடும் வழி, பிரதிலிபி மாதிரி செயலிகளிலும் தனித் தளங்களிலும். இலக்கியக்காரர்கள் இதைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. அடுப்படி வேலை முடித்து, ஆபீஸும் போய், ஒருநாள் விட்டு ஒருநாள் அத்தியாயம் போடும் பெண்கள் எத்தனையோ பேர். தளத்தில் தொடர், பிறகு கிண்டில், பிறகு அச்சு என்று மூன்று அறுவடை எடுக்கிறார்கள். அந்த ஒழுங்கு எனக்கு வராது. இதன் கஷ்டம், நிறுத்த முடியாது. ஷிப்மெண்ட் வாரத்தில் மூன்று அத்தியாயம் தவறினால் வாசகர் வேறு கதைக்குப் போய்விடுவார். எழுதிய பக்கத்தைத் திரும்பிப் பார்த்து வெட்டவும் முடியாது. எனக்கு வெட்டாமல் நாவல் இல்லை.

ஆபீஸ் அனுமதி பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 நடத்தை விதிகளிலேயே, எப்போதாவது செய்யும் இலக்கியப் பணிக்கு முன் அனுமதி வேண்டாம் என்று இருக்கிறது. தனியார் என்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ஒருதரம் படித்துவிடுங்கள்.

ஆக, என் கணக்கில் தம்பிக்கு: வேலை இருக்கட்டும், கதையைப் பதிப்பகத்துக்கு அனுப்பு, இல்லை என்று இரண்டு இடத்தில் சொன்னால் தொடராகப் போடு. நோட்டில் முழுக்கதையும் எழுதி முடித்துவிட்டதால் அவனுக்கு அத்தியாயம் தவறும் பயம் கிடையாது. காசு மட்டும் யாரிடமும் கொடுக்காதே.

போன சனிக்கிழமை சம்பள நாளில் அதே டீக்கடையில் பார்த்து இதைச் சுருக்கமாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அனுப்பறது இருக்கட்டுங்ணா, முந்நூறு பக்கத்த யாருங்ணா டைப் அடிக்கறது?" என்றான். எனக்கு இது தோன்றவே இல்லை. போனில் பேசினால் எழுத்தாகும் வசதியைக் காட்டிக் கொடுத்தேன். ராத்திரி முதல் பக்கத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் செக்‌ஷனில் உட்கார்ந்து வாசித்திருக்கிறான். கதாநாயகி பெயர் தங்கமணி. போன் அதை எல்லா இடத்திலும் "தங்கம் அணி" என்று போட்டிருந்தது. நாலாவது வரியில் அவனுடைய வாக்கியத்துக்கு நடுவே யாரோ ஒருவர், "அந்த மீடியம் பெட்டிய இங்க தள்ளு" என்று சொல்லியிருக்கிறார்.