சொல்லாமல் இருப்பதன் விலை: ‘நோட்ஸ் ஆன் எ ஸ்கேண்டல்’

வட லண்டனில் உள்ள ஒரு சாதாரணப் பள்ளியின் ஆசிரியர் கூட்டம். ஒவ்வொரு துறையினரும் தலைமை ஆசிரியரிடம் பக்கம் பக்கமாக அறிக்கை ஒப்படைக்க, ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்ட வரலாற்று ஆசிரியை பார்பரா கவெட் ஒற்றைத் தாளை மட்டும் நீட்டுகிறார். மாணவர்களின் தேர்ச்சி தேசிய சராசரிக்குக் கீழே, பேரழிவுக்கு மேலே. ஆகவே மாற்றம் எதுவும் தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். தலைமை ஆசிரியரின் முகம் போகும் போக்கைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பைத்தான் இந்தப் படம் முதல் வேலையாக நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அடுத்த ஒன்றரை மணி நேரமும் பார்பராவின் கண்வழியாகவும், அவர் இரவில் நாட்குறிப்பில் எழுதும் சொற்களின் வழியாகவுமே பெரும்பாலானவற்றையும் பார்க்கப்போகிறோம். அவருடைய கிண்டலை ரசிக்கத் தொடங்கிவிட்ட பிறகு, அவர் செய்யும் காரியங்களிலிருந்து நம்மை முழுக்க விலக்கிக்கொள்வது எளிதாக இல்லை.

2006-இல் வெளிவந்த இப்படம், ஸோயி ஹெல்லர் எழுதி 2003-ஆம் ஆண்டின் புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற நாவலின் திரைவடிவம். இயக்கியவர் ரிச்சர்ட் அயர். லண்டன் நேஷனல் தியேட்டரைப் பல ஆண்டுகள் நடத்திய நாடக மனிதர், இதற்கு முன்பே ‘ஐரிஸ்’ படத்தில் ஜூடி டென்ச்சை இயக்கியவர். திரைக்கதை பேட்ரிக் மார்பர். காதலர்கள் ஒருவரையொருவர் சொற்களால் கிழித்துக்கொள்ளும் ‘குளோசர்’ நாடகத்தை எழுதியவருக்கு இந்தக் கதை கிடைத்தது பொருத்தமே. பார்பராவாக ஜூடி டென்ச்சும், புதிதாக வேலைக்குச் சேரும் கலை ஆசிரியை ஷீபா ஹார்ட்டாகக் கேட் பிளான்செட்டும் நடித்திருக்கிறார்கள். இருவரின் நடிப்பும், திரைக்கதையும், இசையுமாக நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, ஒன்றுகூட விருதாகவில்லை. அந்த ஆண்டு சிறந்த நடிகைக்கான விருது ‘தி குவீன்’ படத்துக்காக ஹெலன் மிர்ரனுக்குப் போனது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை என்றாலும், டென்ச் இங்கே செய்திருப்பது அதைவிடத் துணிச்சலான காரியம் என்பது என் எண்ணம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மட்பாண்டம் வனையக் கற்றுக்கொடுக்க வரும் ஷீபாவுக்கு வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை. இரண்டு மாணவர்கள் அடித்துக்கொள்ளும்போது அவர் தடுமாறி நிற்க, பார்பரா உள்ளே நுழைந்து ஓர் அதட்டலில் அடக்கிவிடுகிறார். நன்றிக்கடனாக வீட்டுக்கு விருந்துக்கு அழைப்பு வருகிறது. வயதில் மிக மூத்த கணவர், பதின்பருவ மகள், டவுன் சின்ட்ரோம் உள்ள மகன் என்று அந்த வீடு கலகலப்பாக இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் குடும்பமே எழுந்து ஆடுகிறது. பார்பரா மட்டும் விறைத்து உட்கார்ந்து, வசதியானவர்களின் கவலையற்ற வாழ்க்கையை மனத்துக்குள் பரிகசித்துக்கொண்டே, அதற்குள் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஏங்குகிறார். பரிகாசமும் ஏக்கமும் ஒரே பார்வையில் கலந்து நிற்கும் அந்த உணவுக் காட்சியை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அதன் நுணுக்கம் முழுதாகப் பிடிபடுகிறது. பின்னர் பள்ளியின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும் மாலையில், பதினைந்து வயது மாணவன் ஸ்டீவன் கானலியுடன் ஷீபா நெருக்கமாக இருப்பதைப் பார்பரா கண்ணால் பார்த்துவிடுகிறார்.

இத்தகைய கதைகளில் ரகசியம் தெரிந்தவர் அதை வைத்து மிரட்டுவார், பணமோ பதவியோ கேட்பார். பார்பரா எதுவும் கேட்பதில்லை. முதலில் கொதிக்கிறார், காட்டிக்கொடுப்பதா என்று யோசிக்கிறார், பிறகுதான், தான் எதுவுமே செய்யாமல் இருந்தாலே எல்லாம் தன் கைக்கு வந்து சேரும் என்பது அவருக்கு உறைக்கிறது. ஷீபாவிடம் அவர் சொல்வது, இந்த உறவை நிறுத்திவிடு, நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்பதுதான். கேட்பவருக்கு இது கருணை. ஷீபா அழுதுகொண்டே நன்றி சொல்கிறார். அந்த நொடியிலிருந்து ஷீபாவின் வேலை, திருமணம், பிள்ளைகள் எல்லாமே பார்பராவின் மௌனத்தின்மேல் நிற்கின்றன. அந்த மௌனத்துக்கு விலை என்று எதுவும் பேசப்படாததால், எவ்வளவு கொடுத்தாலும் கணக்குத் தீர்வதேயில்லை. நட்பின் பெயரால் ஒருவரை அடிமைப்படுத்துவது எப்படி என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படங்கள் எனக்கு அதிகம் நினைவுக்கு வரவில்லை. அடுத்துக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் கெடுக்கவேண்டும் என்று அடுப்பதில்லை. பார்பராவும் தன்னை ஒரு நல்ல தோழி என்றே கடைசிவரை நம்புகிறார், அதற்கான ஆதாரங்களை நாட்குறிப்பில் தேதிவாரியாகச் சேர்த்தும் வைக்கிறார். ஷீபாவோடு இனிதாகக் கழிந்த நாளுக்குப் பள்ளிக் குழந்தையின் நோட்டில் ஒட்டுவதுபோல ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுகிறார்.

கணக்கு கேட்கப்படும் காட்சி படத்தின் உச்சம். பார்பராவின் பூனை போர்ஷியா சாகக் கிடக்கிறது. உலகத்தில் தனக்கென்று இருந்த ஒரே உயிரை இழக்கப்போகும் அவர், ஷீபாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். தன்னோடு வரவேண்டும் என்கிறார். அங்கோ மகன் மேடையேறும் நாள். குடும்பம் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது, கணவர் பொறுமையிழந்து கூப்பிடுகிறார். ஷீபா இருவருக்கும் நடுவில் தவித்து, கடைசியில் மகனோடு போகிறார். எந்தத் தாயும் அதைத்தான் செய்வார். பார்பராவின் கண்ணில் அது துரோகம். டென்ச்சின் முகத்தைக் கவனியுங்கள்: உதடு நடுங்கிக்கொண்டிருக்கும்போதே பார்வை மட்டும் வறண்டுபோகிறது. அவருடைய துக்கம் உண்மையானது. அதைக் கருவியாக்கிக்கொள்ளும் வஞ்சமும் உண்மையானது. அதன்பின் ஷீபாவை விரும்பும் சக ஆசிரியர் ஒருவர் பார்பராவிடம் வந்து மனத்தைத் திறக்க, அவருக்கு இரங்குவதுபோல ஒரு வார்த்தை, வயது குறைந்தவர்கள்மேல்தான் ஷீபாவுக்கு நாட்டம் என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். வதந்தி தானாக நடந்துபோய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிடுகிறது.

பார்பராவை வெறும் சூனியக்காரக் கிழவியாக்கிவிடாமல் காப்பாற்றுவது குளியல்தொட்டிக் காட்சி. ஒப்பனையோ சாதகமான வெளிச்சமோ இல்லாத தளர்ந்த உடலோடு தண்ணீரில் கிடந்தபடி, ஷீபாவைப் போன்றவர்களுக்குத் தனிமை என்றால் என்ன தெரியும் என்று கேட்கிறார். சலவை நிலையத்துக்குப் போய் வருவதையே வாரக்கடைசியின் ஒரே நிகழ்ச்சியாகத் திட்டமிடுவது, பேருந்து நடத்துநரின் கை தற்செயலாகப் பட்டதற்கே உடம்பு அதிர்ந்துபோகும் அளவுக்கு ஆண்டுக்கணக்கில் யாராலும் தொடப்படாமல் இருப்பது. இவற்றை அவர் விவரிக்கும்போது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நமக்குத் தொண்டை அடைக்கிறது. இதைச் சொன்ன அதே பெண்மணி வேறொரு காட்சியில் ஷீபாவின் கைகளை வருடத் தொடங்கி, பள்ளிக்காலத் தோழிகள் இப்படித்தான் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வோம் என்று விளக்கமும் கொடுக்கும்போது நாம் நெளிகிறோம். இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே உடலில் சேர்த்து வைப்பதற்குத்தான் டென்ச் வேண்டியிருந்தார்.

பிளான்செட்டின் வேலை இன்னும் கடினமானது, பாராட்டு குறைவாகக் கிடைப்பது. ஷீபா அழகானவர், அன்பானவர், சோம்பலான மனசாட்சி உடையவர். தன் இளமை திருமணத்திலும் பிள்ளை வளர்ப்பிலும் கரைந்துவிட்டது என்ற மனக்குறையைத் தவறு செய்வதற்கான உரிமச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார். அவரை மன்னிக்கவும் முடியாமல், வெறுக்கவும் முடியாமல் நம்மை வைத்திருக்கிறார் பிளான்செட். கணவராக வரும் பில் நை முக்கால் படம்வரை வேடிக்கை மனிதராகவே இருந்துவிட்டு, உண்மை தெரிந்த இரவில் சில நிமிடங்கள் வெடித்துக் கதறுகிறார். இருபது வயது மாணவியாக இருந்த ஷீபாவை மணப்பதற்காக முதல் மனைவியை விட்டு வந்த ஆசிரியர் அவர் என்பதை மறந்துவிடாமல் அந்தக் காட்சியைப் பார்க்கவேண்டும்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும், அந்தப் பையனைப் பற்றியது. பதினைந்து வயதுச் சிறுவனை ஆசிரியை உறவுக்குள் இழுப்பது பிரிட்டனின் சட்டத்தில் குற்றம்; ஷீபா சிறைக்குப் போவதும் அதனால்தான். ஆனால் ஸ்டீவனைத் துடுக்கும் பிடிவாதமும் உள்ள, தானாகத் துரத்திவரும் ஒருவனாகவே படம் பெரும்பாலும் காட்டுகிறது. அவனுக்கு நேர்ந்தது என்ன என்ற கேள்வி ஓரமாகத் தள்ளப்படுகிறது. நடிகர் ஆண்ட்ரூ சிம்ப்சனிடம் குறையில்லை, அவருக்கு எழுதப்பட்டது அவ்வளவுதான். நாவலில் எல்லாமே பார்பரா எழுதும் வாக்குமூலம் என்பதால், அவருக்கு அக்கறையில்லாத ஒருவன் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இருந்தது. கேமராவோ பார்பரா இல்லாத அறைகளுக்குள்ளும் நுழைகிறது. அங்கே போன பிறகு அவனைச் சரியாகப் பார்க்காமல் திரும்பியிருக்கக் கூடாது.

பார்பராவின் ஆசைக்குப் படம் கடைசிவரை பெயர் வைப்பதில்லை. அவரே அதைத் தன்னிடம் ஒப்புக்கொள்ளாதவர் என்பதால் அது சரியே என்று வாதிடலாம். ஆனாலும், பெண்ணை விரும்பும் வயதான பெண் என்றால் ஒட்டுண்ணி, வேட்டைக்காரி என்கிற பழைய அச்சை மறுபடியும் எடுத்து ஊற்றியிருக்கிறார்கள் என்று சிலருக்குத் தோன்றினால், அதை ஒரேயடியாக மறுக்க என்னால் இயலவில்லை. ஃபிலிப் கிளாஸின் இசை தனியாகக் கேட்க நன்றாகவே இருக்கிறது. படத்துக்குள்ளோ இரண்டு பெண்கள் தேநீர் குடிப்பதற்கும் கொலை நடக்கப்போவதுபோலச் சுழன்று சுழன்று எழுகிறது. நடிகைகள் முகத்தில் ஏற்கெனவே செய்துகாட்டியதை வயலின்கள் மறுபடியும் உரக்கச் சொல்வது எதற்கு என்று பல இடங்களில் கேட்கத் தோன்றியது.

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வேலையும் வீடும் பறிபோன ஷீபா, பார்பராவின் வீட்டிலேயே தஞ்சமடைகிறார். அதாவது பார்பரா விரும்பியது நடந்துவிடுகிறது. அங்கே நாட்குறிப்புகள் கையில் சிக்கியதும் வெடிக்கும் மோதலில், அதுவரை அடக்கமாகப் போய்க்கொண்டிருந்த படம் மெலோடிராமாவாக மாறுகிறது. ஷீபா வெளியே ஓடிப்போய்ப் பத்திரிகையாளர் கூட்டத்தின் நடுவில் நின்று அலறுகிறார். பிறகு கணவரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார், அது திறக்கிறது. பார்பராவோ சில காலம் கழித்துப் பூங்கா இருக்கையில் இன்னோர் இளம்பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, கச்சேரிக்கு அழைக்கிறார். பார்வையாளருக்கு இது திருப்தியான முடிவு: ஒருத்தி தப்பித்தாள், மற்றவர் திருந்தவில்லை. ஹெல்லரின் நாவல் இந்தத் திருப்தியைக் கொடுப்பதில்லை. அங்கே உண்மை தெரிந்த பிறகும் ஷீபாவுக்குப் போக்கிடம் இல்லை, பார்பராவின் நிழலிலேயே தங்கிவிடுகிறார், பார்பராவுக்கும் அது போதுமானதாக இருக்கிறது. மிரட்டும் இசையோ அலறலோ இல்லாத அந்த முடிவு பல மடங்கு கொடியது. மார்பர் அதை மாற்றியதற்கு வணிகக் காரணம் இருந்திருக்கலாம். படத்தின் சொந்தத் தர்க்கத்துக்குள் எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

இத்தனைக்கும் பிறகும் இதைப் பார்க்கவேண்டும் என்றே சொல்வேன். 92 நிமிடங்கள்தான், எங்கும் தொய்வில்லை. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படம் அல்ல. நாவலையும் வாசிக்கும் எண்ணம் உள்ளவர்கள் படத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது. புத்தகத்தை முடித்தவர்களுக்குப் படத்தின் கடைசி இருபது நிமிடங்கள்மேல் என்னைப்போலவே கோபம் வரக்கூடும். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போகிறவர்களுக்கு டென்ச்சின் குரல் ஒவ்வொரு பக்கத்திலும் இலவசமாகக் கேட்கும்.