மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா: மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வந்தால் எது தேறும்?

ராமேஸ்வரம் போகிற மதுரைக்காரர்களில் பெரும்பாலோர் பாம்பன் பாலத்தில் நின்று செல்பி எடுத்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். பாலத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பதுதான் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். பாம்பன் பக்கம் தொடங்கி தூத்துக்குடி வரை 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் நீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் விளைவு அது.

இங்கே டிக்கெட்டைப் பற்றி யோசிக்கும் முன் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே இருப்பது ஆண் கடல், வடக்கே இருப்பது பெண் கடல் என்பார்கள் அந்தப் பக்கத்து மீனவர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்குக் கடல் புரளும். அடிமணல் கிளம்பி நீர் கலங்கிவிடும். அப்போது கண்ணாடித் தளப் படகில் ஏறினால், காசு கொடுத்து நீர்மோர் பார்த்துவிட்டு வந்த மாதிரிதான். அக்டோபர் பாதியிலிருந்து வாடைக்காற்றும் மழையும். அப்போது சாதுவான வடக்குக் கடலும் முறைக்கும். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இரண்டும் அடங்கியிருக்கும். ஆகவே மதுரைப் பள்ளிகளின் கோடை விடுமுறைக்குக் காத்திருக்காதீர்கள்.

பாம்பன் குந்துகாலில், விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்திறங்கிய இடத்தை ஒட்டி, பூங்காத் தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவுக்கு வனத்துறையின் படகு இருக்கிறது. காற்று கூடினால் ஓடாது. கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் ஏறிவிடுவது நல்லது. அதற்கு முன் வெயில் சாய்வாக விழுவதால் அடிவரை வெளிச்சம் இறங்காது. பகல் ஏற ஏறக் கடற்காற்று எழும்பி அலை கூடும். கண்ணாடித் தளத்தில் குனிந்து பார்க்கும்போது ஒரு துண்டையோ துப்பட்டாவையோ தலைக்கு மேல் போர்த்திக்கொண்டால் கண்ணாடியில் விழும் வானத்தின் பிரதிபலிப்பு போய்விடும். ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று இறங்குபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் குறை. டிவியில் வரும் நீலம், சிவப்பெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். உயிருள்ள பவளம் இங்கே பெரும்பாலும் பழுப்பும் மங்கிய பச்சையும்தான். ஏப்ரல், மே மாதங்களில் பளிச்சென்ற வெள்ளையாகத் தெரிந்தால் அழகு என்று மயங்காதீர்கள். கடல் சூடேறும்போது பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வெளியேறிவிடுவதால் வரும் வெளிறல் அது. 2016-இல் இந்தப் பகுதியில் பெரிய அளவில் நடந்தது. ஆவுளியா, அதாவது கடல் பசு, காட்டுகிறேன் என்று யாராவது கூடுதல் பணம் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். கடற்புல் மேயும் கூச்ச சுபாவி அது, இன்ஜின் சத்தத்துக்கு அருகே நிற்காது.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காரங்காட்டைத்தான் சொல்வோம். பூங்கா எல்லைக்குள் வராது. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், உப்பூர் தாண்டி தொண்டி சாலையில், பாக் விரிகுடாக் கரையில் இருக்கிறது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டின் நடுவே படகில் போகலாம். துடுப்புப் போடத் தெம்பிருந்தால் கயாக்கும் உண்டு. தண்ணீர் ஏறியிருக்கும்போது போனால் படகு உள்வாய்க்கால் வரை நுழையும். வற்றியிருக்கும்போது ஆழம் குறைந்து அடி தட்டும், ஆனால் சேற்றுத் திட்டில் உள்ளான்களும் நாரைகளும் இரை பொறுக்க இறங்கியிருக்கும். பறவைக்காகப் போகிறவர்கள் வற்றத்தையும் குழந்தைகளோடு போகிறவர்கள் ஏற்றத்தையும் கேட்டு வையுங்கள். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள். அவற்றின் மேல் கால் வைக்கக் கூடாது. நிழல் படகில் குறைவு, தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் கட்டாயம்.

போகிற வழியில் ஈரநிலமும் தேறும். பரமக்குடிப் பக்கம் தேர்த்தங்கல், ராமநாதபுரத்தை ஒட்டி சக்கரக்கோட்டை, இரண்டும் 2025-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கண்மாய்கள். மழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும். மழை பொய்த்தால் வெறும் பொட்டல், திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். மலை? அழகர்மலையும் யானைமலையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ராமேஸ்வரத்தின் கந்தமாதன பர்வதம் ஒரு மணல் மேடு. தீவைச் சுற்றிப் பார்க்க மட்டும் ஏறலாம்.

பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை, அதன் பிறகு இருவழி. அதிகாலை நான்கு மணிக்கு மதுரையை விட்டால் எல்லாம் நேரத்தில் நடக்கும். பஸ் என்றால் மாட்டுத்தாவணி. அமாவாசையன்று மட்டும் வேண்டாம். ஆடி, தை அமாவாசை என்றால் அறவே வேண்டாம், அக்னி தீர்த்தக் கூட்டத்தில் பாம்பன் சாலை நகராது.

திரும்பும்போது கடைகளில் சங்கு வாங்குவோர் கவனிக்க: செத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டானாலும் பையில் போடக் கூடாது. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமாக 2001-இல் சேர்க்கப்பட்டவை. விற்றவர் கையை விரித்துவிடுவார். சோதனையில் மாட்டுவது வாங்கியவர்தான்.