பூனை வலை என்று காசு வாங்கிப் புறா வலை கட்டுகிறார்கள்: சென்னை ஃபிளாட்காரர்கள் கவனிக்க

சென்னையில் ஃபிளாட்டில் பூனை வளர்க்கிறீர்கள், பால்கனிக்கு வலை கட்ட ஆள் தேடுகிறீர்கள் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ‘கேட் சேஃப்டி நெட்’, ‘பூனைக்கென்றே ஸ்பெஷல்’, ‘10 வருஷ வாரன்டி’ என்று விளம்பரம் செய்யும் ஒரு கம்பெனி எங்கள் வீட்டில் கட்டிவிட்டுப் போனது சாதாரண நைலான் புறா வலை. அதன் அடி ஓரம் கழன்று, எங்கள் பூனை பூரி நாலாவது மாடியிலிருந்து விழுந்தாள். உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் அவள் பட்ட வேதனை கொஞ்சமில்லை.

கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. அதோடு, இதே வேலையைப் பல பெயர்களில் பலர் செய்கிறார்கள். அந்த ஒரு பெயரைத் தவிர்த்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பூரி சாம்பல் வரி போட்ட நாட்டுப் பூனை. குட்டியிலிருந்து வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவள். வெளியே விட எங்களுக்குத் தைரியம் இல்லை: தெருநாய்கள், வண்டிகள், பக்கத்துக் கடைக்காரர்கள் வைக்கும் எலி மருந்து. ஆனால் நாள் முழுக்க ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு அணிலைப் பார்த்துக் கத்துவாள். வெயிலும் காற்றும் படும்படி, பறவைகளைப் பார்க்கும்படி அவளுக்கு ஓர் இடம் வேண்டும், ஆனால் தப்பிப் போகக் கூடாது. அதற்காகத்தான் பால்கனியை அடைக்க முடிவு செய்தோம்.

அளவெடுக்க வந்த சூப்பர்வைசர் நன்றாகவே பேசினார். பையிலிருந்து ஒரு துண்டு வலையை எடுத்தார். கறுப்பு நிறம், கெட்டியான இழை. ஓர் இழையை வெட்டி, உள்ளே மெல்லிய ஸ்டீல் கம்பி ஓடுவதைக் காட்டினார். “பூனை கடிச்சாலும் அறுக்காது மேடம், இது பூனைக்குன்னே வர்ற மெட்டீரியல்” என்றார். அப்படி ஒரு வலை உண்மையிலேயே உண்டு. பாலிஎத்திலீன் இழையோடு கம்பியைச் சேர்த்து முறுக்கிச் செய்வார்கள். ஆகவே நாங்கள் பார்த்த சாம்பிள் பொய் இல்லை. ஓர் அடிக்கு ஒரு கொக்கி, எல்லாம் டிரில் போட்டு, ஓட்டைக்குள் பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்குவோம், சுற்றிலும் ஸ்டீல் ரோப் ஓடும் என்றும் சொன்னார். இதையெல்லாம் வாட்ஸாப்பிலும் எழுதி அனுப்பினார். சதுர அடிக்கு அவர் சொன்ன விலை, அதே தெருவில் புறா வலைக்கு வாங்கும் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சாம்பிளைப் பார்த்தபோது அது நியாயமாகத்தான் பட்டது.

வேலைக்கு ஆள் வந்த அன்று வீட்டில் அம்மா மட்டும்தான். இரண்டு பையன்கள், ஒரு மூட்டை வலை. அம்மா கேட்டிருக்கிறார்: “அன்னைக்குக் காட்டின வலை இது இல்லையேப்பா?” “அதேதாம்மா, விரிச்சுக் கட்டினா இப்படித்தான் தெரியும்” என்று பதில். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குடோனில் எதைக் கொடுத்தார்களோ அதைக் கட்டினார்கள். சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது வலை கண்ணாடி போன்ற மெல்லிய நைலான். போன் போட்டேன். “கறுப்பு ஸ்டாக் இல்ல மேடம், இது அதைவிட ஸ்ட்ராங்” என்றார் சூப்பர்வைசர். மாற்றித் தந்தால்தான் மீதிப் பணம் என்றேன். அடுத்த வாரம் மாற்றுகிறோம் என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

புறா வலைக்கும் பூனை வலைக்கும் என்ன அப்படி வித்தியாசம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். புறா சுமார் 300 கிராம்தான் இருக்கும். வெளியிலிருந்து வந்து மோதும், வழி இல்லையென்றால் போய்விடும். பூரி நாலு கிலோ. அவள் உள்ளேயிருந்து தள்ளுவாள், கடிப்பாள், நகத்தை மாட்டி ஏறுவாள். ஒரு பல்லியைப் பார்த்துவிட்டால் மொத்த எடையோடு வலைமேல் பாய்வாள். நைலான் ஈரத்தை உறிஞ்சும், மழையில் தொய்யும், வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் இழை நொறுங்க ஆரம்பிக்கும். தொய்ந்த இடத்தில் பூனை தலையை நுழைக்கும். பூனையின் காறை எலும்பு நம்முடையதுபோல மற்ற எலும்புகளோடு பிணைந்திருக்காது, தசைக்குள் மிதந்துகொண்டிருக்கும். அதனால் தலை போகிற சந்தில் பெரும்பாலும் உடம்பும் போய்விடும்.

ஆனால் எங்கள் வீட்டில் வலை அறவில்லை. கொக்கிதான் கையில் வந்தது. கழன்ற பகுதியை வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுக் காட்டிய பிறகுதான் முழு மோசடியும் புரிந்தது. பக்கச் சுவர்களில் கண்ணுக்கு எதிரே இருக்கும் கொக்கிகளுக்கு மட்டும் டிரில் போட்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவருக்கு வெளிப்புறம், நாம் எட்டிப் பார்த்தாலும் தெரியாத அடிப் பக்கத்தில், கொக்கிகளைச் சுத்தியலால் சிமென்ட் பூச்சிலேயே அடித்திருந்தார்கள். பிளக் கிடையாது. பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை ஒன்றுகூடப் போகவில்லை. சுற்றிலும் ஓட வேண்டிய ஸ்டீல் ரோப் மேல் பக்கம் மட்டும்தான். அடியில் சாதாரண நைலான் கயிறு. ஏசி குழாய் வெளியே போகும் மூலையில் வலையை வெட்டிவிட்டு, ஓட்டையை அப்படியே விட்டிருந்தார்கள். பூனை முதலில் தள்ளிப் பார்ப்பது அடி மூலையைத்தான்.

பூரி விழுந்ததும் முதலில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றியது. ஸ்கூட்டர் அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரத்தம் அதிகம் இல்லை. “பூனைதானே, கால்லதான் விழும், ஒண்ணும் ஆகாது” என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். பிறகு போனில் கம்பெனிக்காரரும் அதையேதான் சொன்னார். இந்தப் பேச்சை நம்பாதீர்கள். பூனை காற்றிலேயே திரும்பிக் காலை ஊன்றும், உண்மை. ஆனால் மாடி உயரத்திலிருந்து வரும் வேகத்தில் மார்பும் தாடையும் தரையில் அடிபடும். 1987-இல் நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் இருவர் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி எழுதிய கட்டுரையைக் காட்டி, 90 சதவீதம் பிழைத்தன என்று பலர் சொல்வார்கள். அந்தக் கணக்கு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பூனைகளுக்குத்தான். விழுந்த இடத்திலேயே இறந்தவை அதில் இல்லை. பிழைத்தவற்றுக்கும் நெஞ்சில், முகத்தில், காலில் காயங்கள் இருந்தன.

பூரிக்கும் அதே மூன்றும். மேல் அண்ணம் பிளந்திருந்தது. முன்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருந்தது, அதை ஊசி போட்டு வெளியே எடுத்தார்கள். டாக்டர் சொன்ன இரண்டு விஷயங்களை இங்கே பதிய வேண்டும். விழுந்த பூனையைத் தோளில் போட்டுத் தூக்காதீர்கள், ஓர் அட்டைப் பெட்டியிலோ தட்டையான பலகையிலோ படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். வாய் வழியே தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள். இன்னொன்று அதைவிட முக்கியம். வலிக்கிறதே என்று எங்கள் தளத்துக்காரர் ஒருவர் நல்ல மனத்தோடு பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொண்டுவந்தார். பூனையின் ஈரல் அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றாது. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். கால் துண்டு கொடுத்தால் பரவாயில்லை என்றும் நினைக்காதீர்கள்.

சிகிச்சை நடக்கும்போதே கம்பெனியைக் கூப்பிட்டோம். முதலில் “பூனை கடிச்சிருக்கும், அதுக்கு வாரன்டி இல்ல” என்றார்கள். கடிக்கவில்லை, கொக்கி கழன்றது என்று போட்டோ அனுப்பினேன். “வாரன்டி வலைக்குத்தான் மேடம், கொக்கிக்கு இல்ல” என்றார்கள். வாரன்டி அட்டையை எடுத்துப் படித்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பறவைகள் நுழைவதைத் தடுக்க மட்டும்’ என்று இருந்தது. பூனைக்கு என்று விளம்பரம் செய்து, பூனைக்கு என்று அதிக விலை வாங்கி, அட்டையில் மட்டும் பறவைக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதிகம் வலித்தது இந்த இடம்தான். வாங்கும் எல்லாருக்கும் பூனை இருக்கிறது, அது அந்த வலையை நம்பி மாடி ஓரத்தில் உட்காரப் போகிறது என்று தெரிந்தே செய்கிறார்கள். கடைசியாக, இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் ‘அப்கிரேடு’ செய்து தருகிறோம் என்றார்கள். அதற்கு அப்புறம் போனையே எடுக்கவில்லை.

சரி, வேலை நடக்கும்போதே எப்படிப் பார்ப்பது? வெட்டி விழும் வலைத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போக விரலால் அழுத்திவிடுங்கள். கம்பி இல்லாத எச்டிபிஇ (பாலிஎத்திலீனில் ஒரு வகை) வலை மிதக்கும், நைலான் மூழ்கும். கம்பி பின்னிய வலை என்றால் இழையை வெட்டினாலே கம்பி தெரிய வேண்டும். டிரில் சத்தம் கேட்கிறதா, ஒவ்வொரு கொக்கிக்கும் செங்கல் தூள் விழுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். வெளிப்புற அடி ஓரத்தை போனை நீட்டி வீடியோ எடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு கொக்கியையும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் பணம் கொடுக்காதீர்கள்.

மெல்லிய ஸ்டீல் கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டும் ‘இன்விசிபிள் கிரில்’ விற்பவர்களும் எங்களிடம் வந்தார்கள். காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அதனால் இது 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஒருவர் காட்டினார். 304 கிரேடிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எனவே அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் உப்புக் காற்றில் துருவைத் தாங்கும் மாலிப்டினம் 316-இல் உண்டு, 304-இல் இல்லை. அதற்குமேல், கம்பிகளுக்கு இடையே இரண்டு மூன்று அங்குலம் விடுவது குழந்தைகளை மனத்தில் வைத்து. குட்டிப் பூனைக்கும் மெலிந்த பூனைக்கும் அது திறந்த வாசல்தான்.

நாங்கள் கடைசியில் அந்த வெல்டிங் பட்டறைக்காரரிடமே போனோம். பால்கனிக்கு உள்பக்கமாக ஸ்கொயர் டியூப் சட்டம் அடித்து, அதில் ஓர் அங்குலச் சதுரம் போட்ட ஜிஐ வெல்ட் மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை) வைத்துக் கொடுத்தார். வெளித்தோற்றம் மாறவில்லை, அசோசியேஷனும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கேயும் ஒரு தகிடுதத்தம் உண்டு, அவரே சொல்லிக்கொடுத்தார்: கேஜ் எண் ஏற ஏற கம்பி மெலியும். 14 கேஜ் என்றால் சுமார் 2 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர்தான். 14 என்று பேசி 18-ஐ வைத்துவிட்டுப் போனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், நேர்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். மேலே பாதிக்கு நிழல் வேண்டும், சித்திரை வெயிலில் மெஷ்ஷும் தரையும் கொதிக்கும். பால்கனியை அலங்கரிக்கிறேன் என்று யாராவது மணிபிளான்ட்டோ லில்லியோ கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மணிபிளான்ட்டை மென்றால் வாய் புண்ணாகும், உண்மையான லில்லி வகைகள் பூனையின் சிறுநீரகத்தையே அழித்துவிடும்.

புகார் விஷயம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். கம்பெனி பதிலே சொல்லவில்லை. அப்புறம் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் ஈ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாங்கிய பொருளுக்கோ வேலைக்கோ கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் கையில் இருந்தது வாட்ஸாப் செய்தி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கழன்ற கொக்கிகள், மருத்துவமனை பில். அவர்கள் கொடுத்த பில்லில் ‘நெட் வேலை’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. உங்கள் பில்லில் வலையின் பொருள், கண்ணியின் அளவு, கொக்கி எத்தனை அடிக்கு ஒன்று, பூனைக்காகக் கட்டியது என்பது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

ஆணையம் அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டது. பில்லில் இருந்த முகவரிக்கு நேரில் போய்ப் பார்த்தோம், அங்கே ஒரு தையல் கடை இருக்கிறது. பில்லில் அச்சடித்திருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால், வேறு பெயரில் பதிவாகி ரத்தான எண் என்று வருகிறது. அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. பதிவான பெயர், முகவரி, எண் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். அளவெடுக்க வருபவரிடம் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தாலோ, வருகிற பெயர் வேறாக இருந்தாலோ, முன்பணம் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.