மைநேத்தா தளத்தில் பைச்சுங் பூட்டியாவைத் தேடினால் என்ன கிடைக்கும்?

வேட்பாளர்களின் சொத்து, கடன், வழக்கு, படிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கும் மைநேத்தா தளத்தைப் பலரும் தேர்தல் சமயத்தில் மட்டும்தான் திறக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் நம்ம தொகுதியில் யார் பெரிய கோடீஸ்வரர் என்று பார்த்துவிட்டு மூடுவதற்குத்தான். எனக்கு வேறொரு வேலைக்கு அது தேவைப்பட்டது. மைதானத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள் தேர்தலில் ஏன் மண்ணைக் கவ்வுகிறார்கள் என்பதை, டீக்கடைப் பேச்சை நம்பாமல், பதிவான விவரங்களை வைத்தே புரிந்துகொள்ள முடியுமா என்று பார்க்க நினைத்தேன். அதற்கு இந்தியக் கால்பந்தின் முன்னாள் கேப்டன் பைச்சுங் பூட்டியாவை விடப் பொருத்தமான ஆள் இல்லை. பத்து வருடத்தில் ஆறு முறை நின்றார், ஆறிலும் தோற்றார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். காசு கேட்பதில்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, இந்தியாவில் இந்த வேலையை இவ்வளவு வருடமாகத் தொடர்ந்து செய்யும் வேறொரு தளம் எனக்குத் தெரிந்து இல்லை. அப்புறம் ஏன் ஒன்றரையைக் குறைத்தேன் என்பதற்குத்தான் பூட்டியா கதை.

இதை நடத்துவது ஏடிஆர் என்கிற ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம். 1999-ல் அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கிலிருந்து தொடங்கியது. 2002-ல் உச்ச நீதிமன்றம் வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று சொல்லிவிட்டது, உடனே அதை நீர்த்துப்போகச் செய்ய ஒரு சட்டத்திருத்தம் வந்தது, 2003-ல் அதையும் நீதிமன்றம் தள்ளியது. அன்றிலிருந்து வேட்புமனுவோடு பிரமாணப் பத்திரம் கட்டாயம். அதில் இருப்பதை எடுத்து, தேடிப் பார்க்கும்படி அட்டவணையாக்கித் தருவதுதான் இந்தத் தளத்தின் வேலை. பிரமாணப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பயன்படுத்துவது சுலபம். எந்தத் தேர்தல், எந்த மாநிலம், எந்தத் தொகுதி என்று இறங்கிப் போனால் வேட்பாளர் பட்டியல் வரும், ஜெயித்தவர் பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு இருக்கும். பெயரைத் தட்டினால் வயது, கட்சி, படிப்பு, வருமான வரிக் கணக்கு, கையிருப்புப் பணம், நகை, வண்டி, நிலம், வீடு, கடன் என்று மனைவி பெயரில் இருப்பதுவரை வரிசையாக விரியும். பான் எண்ணைக் காட்டுவதில்லை, கொடுத்திருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொல்கிறது, அது சரியான முடிவு. அதே ஆள் வேறு தேர்தல்களிலும் நின்றிருந்தால் அப்போது காட்டிய சொத்து எவ்வளவு, வழக்கு எத்தனை என்று ஒரு சின்னப் பெட்டியும் வருகிறது. பக்கத்தின் தோற்றம் பழைய காலத்து அரசு அலுவலகம் மாதிரி இருக்கும், அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், வேகமாகத் திறக்கிறது.

ஒரு யோசனை: வட இந்திய, வடகிழக்குப் பெயர்களைப் பெயர் போட்டுத் தேடாதீர்கள். பூட்டியாவின் முதல் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு எச் சேர்த்தும் எழுதுகிறார்கள், சேர்க்காமலும் எழுதுகிறார்கள். தொகுதி வழியாகப் போவதுதான் பாதுகாப்பு. இடைத்தேர்தல் என்றால் தொகுதிப் பெயரோடு தேதியும் ஒட்டியிருக்கும், அதைக் கவனிக்காவிட்டால் காங்டாக் 2019 என்று போய்ப் பொதுத்தேர்தலைப் பார்த்துவிட்டு வந்துவிடுவீர்கள்.

சரி, இப்போது குறைக்கு வருவோம். இவ்வளவையும் சொல்கிற பக்கத்தில் அந்த வேட்பாளர் எத்தனை வாக்கு வாங்கினார் என்பது இல்லை. ஏடிஆர் வாக்கு சதவீத ஆய்வறிக்கைகளைத் தனியாக வெளியிடுகிறது, ஆனால் அவை ஜெயித்தவர்களைப் பற்றியவை. தோற்றவரைப் படிக்க வேண்டுமென்றால் தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பக்கங்களைப் பக்கத்து ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி இரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு விஷயமே பிடிபட்டது.

2014, டார்ஜிலிங் மக்களவைத் தொகுதி, திரிணாமூல் காங்கிரஸ். எதிரே பாஜகவின் எஸ்.எஸ்.அலுவாலியா. அலுவாலியாவுக்கு 4,88,257, பூட்டியாவுக்கு 2,91,018, வித்தியாசம் 1,97,239. இதை மட்டும் பார்த்தால் பந்தை உதைத்தவருக்கு அரசியல் வரவில்லை என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் அந்தத் தொகுதியின் முந்தைய முடிவையும் பாருங்கள், 2009-ல் ராஜஸ்தானிலிருந்து வந்த ஜஸ்வந்த் சிங் அங்கே ஜெயித்திருக்கிறார். மலையில் கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சா என்கிற உள்ளூர்க் கட்சி யாரைக் கைகாட்டியதோ அவருக்கே வாக்கு, இரண்டு முறையும் அது கைகாட்டியது பாஜக பக்கம். கூர்க்காலாந்து என்று தனி மாநிலம் கேட்கிற மலையில், வங்காளத்தைப் பிரிக்க விடமாட்டோம் என்கிற கட்சியின் சின்னத்தில் போய் நின்றால், நின்றவர் யாராக இருந்தால் என்ன? சமவெளியில் சிலிகுரி, மாட்டிகாரா பக்கம் வாக்கு வாங்கி அந்த மலையை ஈடுகட்ட முடியாது. பாஜக அந்தத் தொகுதியை 2019, 2024 இரண்டிலும் ராஜு பிஸ்தாவை நிறுத்தித் தக்கவைத்தது.

இன்னொன்று, அதே 2014-ல் திரிணாமூல் வங்காளத்தின் 42 தொகுதிகளில் 34-ஐ வென்றது. அதே கட்சியில், அதே வருடம், இன்னொரு முன்னாள் கால்பந்து வீரரான பிரசூன் பானர்ஜி ஹவுராவில் ஜெயித்தார். ஆக கால்பந்துக்காரருக்கு வாக்கு விழாது என்பதெல்லாம் பொய்.

2016, சிலிகுரி சட்டமன்றம். இங்கே எதிரே நின்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் அசோக் பட்டாச்சார்யா, இடது முன்னணி ஆட்சியில் அமைச்சராக இருந்தவர், அப்போது சிலிகுரி மேயரும் அவர்தான். 78,054-க்கு 63,982. வித்தியாசம் 14,072. மாநிலம் முழுக்க திரிணாமூல் 294-ல் 211 பிடித்த தேர்தல் அது, அந்த அலையிலும் பூட்டியா கரை சேரவில்லை. அதே தேர்தலில் தீபேந்து பிஸ்வாஸ் என்கிற கால்பந்து வீரர் பசிர்ஹாட் தக்ஷிணில் ஜெயித்தார், அதற்கு முன் 2014 இடைத்தேர்தலில் அதே தொகுதியில் தோற்றுவிட்டு அங்கேயே கிடந்து ஜெயித்தவர். பூட்டியாவோ தொகுதி மாறிக்கொண்டே இருந்தார், பாதியில் வேறு மாநிலம், வேறு கட்சி.

இதுவரை அவர்மேல் எனக்குப் பரிதாபம்தான். கட்சி கொடுத்த தொகுதிகள் அப்படி. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவரே தேடிக்கொண்டது. 2018-ல் திரிணாமூலை விட்டு வெளியேறி, சொந்த ஊரான சிக்கிமில் ஹம்ரோ சிக்கிம் கட்சியைத் தொடங்கினார். 1994-லிருந்து ஆட்சியில் இருந்த பவன் சாம்லிங்கின் சிக்கிம் ஜனநாயக முன்னணியை, அதாவது எஸ்டிஎஃப்பை எதிர்த்துத்தான் அந்தக் கட்சியே. 2019-ல் காங்டாக், தூமின் லிங்கி என்று இரண்டு இடத்தில் நின்றார், இரண்டும் போனது, கட்சிக்கும் ஒரு இடம்கூட இல்லை. அதே வருடம் அக்டோபரில் காங்டாக் இடைத்தேர்தலிலும் நின்றார், அதில் பாஜகவின் ஒய்.டி.லெப்சா ஜெயித்தார். ஆட்சி மாற்றம் வரத்தான் செய்தது, ஆனால் மாற்றம் வேண்டும் என்று நினைத்தவர்கள் பிரேம் சிங் தமாங்கின் சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சாவுக்கு, அதாவது எஸ்கேஎம்முக்குப் போட்டுவிட்டார்கள். புதுக் கட்சிக்கு அங்கே இடமே இல்லை.

பிறகு 2023 நவம்பரில் தன் கட்சியைக் கொண்டுபோய் எங்கே சேர்த்தார் தெரியுமா? அதே சாம்லிங்கின் எஸ்டிஎஃப்பில். யாரைக் கவிழ்க்கக் கட்சி தொடங்கினாரோ அவருடைய கட்சிக்குத் துணைத் தலைவர். வாக்காளரை இதைவிடக் குழப்ப முடியாது. 2024-ல் பார்ஃபுங் தொகுதியில் எஸ்கேஎம்மின் ரிக்ஷால் டோர்ஜி பூட்டியாவுக்கு 8,358, இவருக்கு 4,012. அந்தத் தேர்தலில் எஸ்கேஎம் 32-ல் 31 இடங்களை அள்ளியது, சாம்லிங்கே இரண்டு தொகுதியிலும் தோற்றார். அந்த ஜூன் மாதக் கடைசியில் தேர்தல் அரசியல் தனக்கானதில்லை என்று அறிவித்துவிட்டுப் பூட்டியா ஒதுங்கிக்கொண்டார்.

இந்தக் கதையில் எதுவும் மைநேத்தா பக்கத்தில் கிடைக்காது. வீடு, நிலம், வண்டி எல்லாம் இருக்கும், ஆளின் கையில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும், காலுக்குக் கீழே என்ன நிலம் இருந்தது என்று தெரியாது. இந்த ஒன்றுக்குத்தான் ஒரு மதிப்பெண் குறைத்தேன். கூடுதலாக ஒரு கட்டம் போட்டு, வாங்கிய வாக்கு இவ்வளவு, டெபாசிட் தப்பியதா இல்லையா என்று எழுதினால் போதும். உதாரணமாக கிரிக்கெட் வீரர் முகமது கைஃப் 2014-ல் பூல்பூரில் காங்கிரஸ் சார்பில் நின்று 58,127 வாக்கோடு நான்காவது இடத்துக்குப் போனார், டெபாசிட்டும் காலி. கைஃபின் தோல்வியும் பூட்டியாவின் சிலிகுரித் தோல்வியும் ஒரே ரகமா? தளத்தைப் பார்த்தால் இருவரும் ஒன்றுதான், ஜெயித்தவர் என்ற குறிப்பு இருவர் பெயருக்கும் இல்லை, அவ்வளவே.

மீதி அரை மதிப்பெண் எதற்கென்றால், இங்கே உள்ள சொத்து மதிப்பெல்லாம் வேட்பாளர் தானே எழுதிக் கொடுத்தது, யாரும் போய் அளந்து பார்த்ததில்லை. பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது. தளம் இதைச் சொல்லத்தான் செய்கிறது, ஆனால் யார் கண்ணில் படும்? கோடிகள் பெரிதாகத் தெரிகிற இடத்திலேயே இதையும் பெரிதாகப் போடலாம்.

பூட்டியாவின் மிக மோசமான தோல்வி இந்தத் தளத்தின் எல்லைக்கே வராது. 2022 செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தலைவர் தேர்தலில் 33-க்கு 1 என்று தோற்றார். நாட்டுக்காகக் கோல் அடித்தவருக்குக் கால்பந்துச் சங்கங்களிடமிருந்து ஒரே ஒரு வாக்கு! ஜெயித்தவர் முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபே. அவரை மைநேத்தாவில் தேடிப் பாருங்கள், கிருஷ்ணாநகர் 2019, மாணிக்தலா 2021, மறுபடி மாணிக்தலா 2024 இடைத்தேர்தல், மூன்றிலும் பாஜக வேட்பாளர், மூன்றிலும் தோல்வி. மக்களிடம் ஜெயிக்காத இரண்டு பேர் மோதி, அதில் ஒருவர் இந்தியக் கால்பந்துக்குத் தலைவரானார்.

பழைய ஆட்களைத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். இங்கே விவரம் 2004-லிருந்துதான். 1971-ல் குர்கானிலும் 1991-ல் போபாலிலும் தோற்ற முன்னாள் கிரிக்கெட் கேப்டன் பட்டோடியைப் பார்க்க வேண்டுமென்றால் தேர்தல் ஆணையத்தின் பழைய புள்ளிவிவர அறிக்கைகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே வாக்கு இருக்கும், சொத்து இருக்காது.