பேட்மேனின் பயம் யார் கையில்? சூப்பர்ஹீரோ கேம்கள்: ஓர் ஒப்பீடு

சூப்பர்ஹீரோவின் சக்தியை கேமுக்குள் கொண்டுவருவது பெரிய வித்தை இல்லை. பறக்க ஒரு பட்டன், குத்த ஒரு பட்டன், நல்ல அனிமேஷன் இருந்தால் போதும். ஆனால் காமிக்ஸ் வாசகர்கள் இந்த ஹீரோக்களை இத்தனை காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சக்திக்காக மட்டும் இல்லை. பெற்றோர் சுடப்பட்ட அந்தக் குறுகிய சந்திலிருந்து மனதால் வெளியேறவே முடியாதவன் புரூஸ் வெய்ன், அதாவது பேட்மேன். ஊரைக் காப்பாற்றிவிட்டு வாடகை கட்டத் தவிக்கிறவன் பீட்டர் பார்க்கர், அதாவது ஸ்பைடர்மேன். யாராலும் காயப்படுத்த முடியாதவன் சூப்பர்மேன், ஆனால் எல்லோரையும் காப்பாற்ற அவனாலும் முடியாது. இந்தச் சிக்கல்கள் கதைக் காட்சிகளில் வந்துபோவதோடு சரியா, இல்லை கண்ட்ரோலரைப் பிடித்திருக்கும் நம் விரலுக்கும் வந்து சேர்கின்றனவா? இந்தக் கேள்வியோடுதான் இந்த கேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் பேட்மேன், ஏனென்றால் அவனுக்கு இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று, ராக்ஸ்டெடி நிறுவனம் 2009-இல் கொடுத்த ஆர்கம் அசைலம்; ஆர்கம் என்பது குற்றவாளிகளை அடைத்துவைக்கும் மனநலக் காப்பகம். மற்றது டெல்டேல் நிறுவனம் 2016-இல் தொடங்கிய தொடர்.

ஆர்கமில் துப்பாக்கிக்காரர்கள் நாலு பேர் இருக்கும் அறைக்குள் நேராக இறங்கினால் சில நொடிகளில் உயிர் போய்விடும். அதனால் மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கார்கோயில் என்ற கோர உருவச் சிலையில் தொங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். துப்பறியும் பார்வையை இயக்கினால் கீழே நடப்பவனின் இதயத்துடிப்பு தெரியும். ஒருவனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டதும் மற்றவர்கள் பதறுவார்கள், முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள், நிழலைப் பார்த்துச் சுடுவார்கள். பயத்தை ஆயுதமாக்கியவன் பேட்மேன் என்று காமிக்ஸ் சொல்லிக்கொண்டே இருக்கும். இங்கே அதைச் செய்வது நாம்.

அதே பயம் திரும்பி வந்து நம்மைப் பிடிக்கிற இடம்தான், பயத்தைக் கிளப்பும் நஞ்சை ஆயுதமாக்கிய வில்லன் ஸ்கேர்குரோ வரும் கட்டங்கள். பேட்மேன் ஒரு நீண்ட தாழ்வாரத்தில் நடக்கிறான். நடக்க நடக்கச் சுவர் மாறி, மழை பெய்து, அது பெற்றோர் இறந்த அந்தச் சந்தாக மாறிவிடுகிறது. அவனும் சிறுவனாகிவிடுகிறான். இன்னொரு கட்டத்தில் கேமே பழுதாகி நின்றுவிட்டது போல ஸ்கிரீன் கலங்கி, பிடிபட்ட பரம எதிரி ஜோக்கரைக் கட்டிவைத்து பேட்மேன் ஆர்கமுக்கு ஓட்டிவரும் முதல் காட்சியிலிருந்து மறுபடி தொடங்கும். ஆனால் இந்த முறை கட்டிவைக்கப்பட்டிருப்பது பேட்மேன், ஓட்டிவருவது ஜோக்கர். முதல் முறை அங்கே வந்தபோது மெஷின் போய்விட்டதென்றே நினைத்தேன், நெஞ்சு ஒரு கணம் நின்றது. தன் புத்தி தன் கையை விட்டுப் போகிறதோ என்ற புரூஸின் அச்சத்தை இதைவிட நேராக விளையாடுபவருக்குக் கடத்திய கேம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

டெல்டேல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே சண்டை என்பது திரையில் வரும் பட்டனைச் சரியான நேரத்தில் அழுத்துவது மட்டும்தான். மீதி முழுக்கப் பேச்சும் முடிவும். ஆர்கமில் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் புரூஸை நாம் சந்திப்பதே அபூர்வம். டெல்டேலில் பாதி நேரம் கோட் சூட் போட்ட புரூஸாகத்தான் இருக்கிறோம். சில இடங்களில், புரூஸாகப் போவதா பேட்மேனாகப் போவதா என்று கேம் நம்மையே கேட்கும். புரூஸின் அப்பா தாமஸ் வெய்ன் நல்லவர் இல்லை, குற்றவாளிகளோடு கூட்டு வைத்திருந்தவர் என்று கதையை மாற்றியது எனக்குப் பிடித்த துணிச்சல். யாருக்காகப் பழிவாங்கக் கிளம்பினானோ அவரே அப்படி என்றால், அப்புறம் முகமூடி எதற்கு? இந்தக் கேள்விக்கான பதிலை வசனம் வசனமாக நாமே தேர்ந்தெடுக்கிறோம்.

2017-இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் மேலே போகிறது. ஜான் டோ என்ற நோயாளி புரூஸை நண்பனாக நம்பி ஒட்டிக்கொள்கிறான். நாம் அவனை நடத்துகிற விதத்தைப் பொறுத்து, அவன் பேட்மேனைப் போலக் குற்றவாளிகளை வேட்டையாடும் ஜோக்கராகவும் வரலாம், நாம் அறிந்த கொடூர ஜோக்கராகவும் வரலாம். ஜோக்கரை உருவாக்கியதில் பேட்மேனுக்கும் பங்கு உண்டா என்பது காமிக்ஸில் பழைய விவாதம். அந்தப் பழி இங்கே நம் தலையில் இறங்குகிறது.

இரண்டில் எது? உடம்பால் பேட்மேனாக இருக்க ஆர்கம், மனசாட்சியால் புரூஸாக இருக்க டெல்டேல். ஒன்றுதான் என்றால் என் ஓட்டு ஆர்கம் அசைலத்துக்கு. அங்கே கதையையும் விளையாட்டையும் பிரிக்கவே முடியாது. டெல்டேலில் பட்டன் சண்டைகளை எடுத்துவிட்டாலும் கதைக்கு எந்தக் குறையும் வராது. ஆனால் அதே வரிசையில் 2015-இல் வந்த, பேட்மேனின் காரில் ஏற்றி டாங்கிகளைச் சுடவைக்கும் ஆர்கம் நைட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. பேட்மேன் கொல்லமாட்டான் என்ற விதியைக் காப்பாற்ற, எதிரி டாங்கிகள் எல்லாம் ஆளில்லாதவை என்று ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அந்தக் கார் வந்ததிலிருந்து விதியே சாக்குப்போக்காகிவிட்டது.

ஸ்பைடர்மேன் அந்த விதியை எவ்வளவு லேசாகக் கையாள்கிறது பாருங்கள். இன்சோம்னியாக் நிறுவனம் 2018-இல் கொடுத்த கேமில் ஒருவனை மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டால், வலை தானாகப் பாய்ந்து அவனைச் சுவரில் ஒட்டிவிடும். விளக்கமே தேவையில்லை. வலையில் ஊஞ்சலாடிக்கொண்டே, தன்னை வளர்த்த மே அத்தையோடு போனில் பேசும்போது பீட்டருக்கு மூச்சு வாங்கும், நின்றால் குரல் நிதானமாகும். இதற்காக நடிகர் யூரி லோவென்தால் வசனங்களை இரண்டு விதமாகப் பேசிப் பதிவு செய்தார். பீட்டரின் இரட்டை வாழ்க்கையை இந்தச் சின்ன விஷயம் எத்தனையோ நீளமான காட்சிகளைவிட நன்றாகச் சொல்கிறது.

இதன் கதை முடிவு தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஊரெங்கும் பரவி மே அத்தையையும் பிடித்துக்கொண்ட நோய்க்கு ஒரே ஒரு மருந்துதான் இருக்கிறது. அதை மே அத்தைக்குக் கொடுப்பதா, ஊருக்குக் கொடுப்பதா என்று பீட்டர் முடிவெடுக்கும் இடத்தில் நாம் வெறும் பார்வையாளர்கள். தேர்வு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பீட்டர் வேறு முடிவு எடுத்தால் அவன் பீட்டரே இல்லை. ஆனால் அந்த ஒரு பட்டனை என்னை அழுத்த வைத்திருக்கலாம். வேறு வழியில்லாமல் அழுத்துவதுதானே அவனுடைய வலி?

ஹல்க்கை ரேடிகல் நிறுவனம் இரண்டு முறை முயன்றது. 2003-இல், கோபம் வந்தால் ஹல்க்காக மாறும் புரூஸ் பேனரைப் பதுங்கிப் போக வைத்தார்கள், அது சலிப்பைத் தந்தது. 2005-இல் பேனரைக் கதைக் காட்சிகளுக்குத் தள்ளிவிட்டு, காரைப் பிளந்து கையுறையாக மாட்டிக்கொள்ளும் ஹல்க்கை மட்டும் விளையாடக் கொடுத்தார்கள். அற்புதமான ஆட்டம், ஆனால் பாதி மனிதன் காணாமல் போய்விட்டான்.

சூப்பர்மேன்தான் எல்லோருக்கும் கஷ்டம். 1999-இன் நின்டெண்டோ 64 கேம் அவனை வளையங்களுக்குள் பறக்கவிட்டது, அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை. 2013-இன் சண்டை கேமான இன்ஜஸ்டிஸ் அவனைக் கொடுங்கோலனாக்கியது. மற்றவர்கள் அவனோடு மோதுவதற்கு, பலம் கூட்டும் ஒரு மாத்திரையைக் கதை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் 2006-இல் வந்த சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ் கேமில் ஒரு அருமையான யோசனை இருந்தது: எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டும் உயிர்ப்பட்டை சூப்பர்மேனுக்குக் கிடையாது, மெட்ரோபோலிஸ் நகரத்துக்குத்தான் உண்டு. அவனை எதுவும் செய்ய முடியாது, நாம் எங்கோ பறந்துகொண்டிருக்கும்போது நகரம்தான் சிதைகிறது. அவனுடைய ஒட்டுமொத்தக் கவலையும் அந்த ஒரு பட்டைக்குள் இருக்கிறது. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைத்து அந்த கேம் அதை வீணடித்தது. அந்தப் பட்டையை மட்டும் யாராவது எடுத்து, ராக்ஸ்டெடி பேட்மேனுக்குக் கொடுத்த பொறுமையோடு ஒரு சூப்பர்மேன் கேம் செய்தால், வெளியாகும் முதல் நாளே வாங்கிவிடுவேன்.